இடுப்பை அழிக்கும் ரப்பர்: ஒரு கோடை வகுப்புக்கான காமிக்ஸ் பாடமுறைகள்

வருகிற மே மாதம் காரைக்குடியில், நெடுநாள் பூட்டிக் கிடந்து இப்போது திறக்கப்பட்டிருக்கும் ஒரு வீட்டின் வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த நடுமுற்றத்தில், 11 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பத்து நாள் காமிக்ஸ் வகுப்பு நடத்த இருக்கிறோம். எந்த முறையில் சொல்லிக்கொடுப்பது என்று ஒப்பிட்டுப் பார்த்து எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. தாள், பென்சில், பாய், மோர் பற்றியெல்லாம் எங்கள் குழுவுக்குள் தகராறு இல்லை. பெண்ணை வரையச் சொல்லித்தரும் பக்கங்களை என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

சென்ற ஆண்டு வகுப்பில் நடந்த ஒரு சிறு சம்பவமே இதற்குக் காரணம். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, தன் ஆயா வாசலில் கோலம் போடுவதை வரைந்திருந்தாள். கோலம் போடுகிறவர்கள் குனியும் விதத்தை எல்லாரும் பார்த்திருப்போம்: கால்கள் சற்று அகன்றிருக்கும், இடது முழங்கை தொடையில் ஊன்றியிருக்கும், வலது கை மட்டும் தரையில் ஓடும். அந்தப் பிள்ளை ஆயாவின் அகன்ற முதுகையும், இழுத்துச் செருகிய முந்தானையையும், ஊன்றிய கையில் இறங்கும் பாரத்தையும் கண்ணால் பார்த்தபடி வரைந்திருந்தாள். பாதங்கள் மட்டும் சரியாக வரவில்லை. வகுப்பெடுத்த ஆசிரியர் அருகில் உட்கார்ந்தார், ரப்பரை எடுத்தார், பாதங்களைத் தொடாமல், முதுகின் இரண்டு பக்கத்தையும் அழித்து, இடுப்பை உள்ளே தள்ளிப் புதுக்கோடு போட்டு, "லேடீஸ் ஃபிகர்னா இப்படி வரணும்" என்றார். அவர் வேலை முடிந்து எழுந்தபோது ஆயாவுக்கு வயது இருபத்தைந்து ஆகியிருந்தது. மறுநாள் பேத்தியை விட்டுப்போக வந்த அந்த அம்மாள் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "இது யாருத்தா?" என்று கேட்டார்கள்.

ஆசிரியர் கெட்டவர் அல்லர். அவர் படித்த புத்தகத்தில் இருந்ததை அப்படியே செய்தார். அந்தப் புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதிதான் எங்கள் வகுப்பின் பாடநூலாகவும் இருந்தது. ஆகவே அந்தப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்டான் லீயும் ஜான் புஸ்செமாவும் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட, அமெரிக்க நிறுவனமான மார்வெலின் பாணியில் காமிக்ஸ் வரையக் கற்றுத்தரும் நூல் அது. உலகம் முழுவதும் ஒரு தலைமுறை ஓவியர்கள் அதை வைத்துத்தான் பழகினார்கள். அதற்குக் காரணமும் உண்டு. உடலின் அசைவை ஒரே கோட்டில் பிடிப்பது, தூரத்திலுள்ளதைச் சிறிதாக்கிக் காட்டுவது, ஒரு கட்டத்துக்குள் பார்வை எங்கே முதலில் விழ வேண்டும் என்று தீர்மானிப்பது போன்றவற்றை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரும் இன்னொரு புத்தகத்தை நான் பார்த்ததில்லை. படிப்படியாகச் செல்வதால் ஆசிரியருக்கும் எளிது. மூன்றாம் நாளே பிள்ளை ஒரு வீரனை வரைந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டலாம், பெற்றோருக்கும் கட்டணம் வீண்போகவில்லை என்ற திருப்தி கிடைக்கும்.

ஆனால் அதன் அளவுகோலைக் கவனியுங்கள். வீரனின் உயரம் அவன் தலையைப் போல எட்டே முக்கால் மடங்கு என்று அந்நூல் வகுக்கிறது. ஓவியக் கல்வியில் சாதாரண மனிதருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு ஏழரைத் தலை. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரின் தலையை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் எட்டே முக்கால் தலைக்கு நீட்டினால் அவர் ஆறடி ஐந்து அங்குலம் ஆகிவிடுவார். வீரன் என்றால் மிகைதான், இருந்துவிட்டுப் போகட்டும். பெண்ணுக்கு வரும்போது அதே நூல் வேறொரு விதியைச் சொல்கிறது: அவளுக்குத் தசைகளை எடுத்துக்காட்டக் கூடாது, அவள் பலவீனமானவள் இல்லை என்றாலும், ஆணின் முறுக்கேறிய கோணங்களுக்கு மாறாக வழவழப்பாகவும் மென்மையாகவும் தெரிய வேண்டும். அதாவது, முதலில் ஓர் ஆணை வரைந்துகொண்டு, அதிலிருந்து எதையெதைக் கழிக்க வேண்டும் என்ற பட்டியல்தான் அங்கே பெண் உருவத்துக்கான பாடம். மலையைத் தூக்கும் பெண்ணாக இருந்தாலும் அவள் தோளில் மலையின் பாரம் தெரியக் கூடாது.

இது அந்த ஒரு நூலின் குறை என்று சொல்வது நியாயமாகாது. அதற்கு முன்பே, 1943-இல், உருவ வரைவு பற்றி ஆண்ட்ரூ லூமிஸ் எழுதிய புகழ்பெற்ற பாடநூல், பெண்ணின் இலட்சிய உயரத்தைக் குதிகால் உயர்ந்த செருப்போடு சேர்த்தே அளந்து காட்டியது. ஆணின் அளவில் செருப்புக்கு வேலையில்லை. பாடநூல் ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பெண்ணை வரைவதற்கென்று தனியாகச் சில பக்கங்கள் இருந்தால், ஆணை வரைவதற்கென்று அதே தலைப்பில் தனிப்பக்கங்கள் இருக்கின்றனவா? பெரும்பாலும் இருப்பதில்லை. "மனித உருவம்" என்ற பொதுத்தலைப்பின் கீழ் இருப்பவன் ஆண். பெண் பின்னால் ஒரு சிறப்பு வகையாக, குழந்தை, கிழவர், குதிரை ஆகியோருக்குப் பக்கத்தில் வருவாள்.

இந்த வாதத்தைக் குழுவில் வைத்தபோது, எங்களில் மூத்தவர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். புத்தகம் நல்ல புத்தகம், அந்தச் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுக்காமல் விட்டுவிடலாம் என்றார். செலவில்லாத வழி என்பதால் பலருக்கும் பிடித்திருந்தது. எனக்கு இது எல்லாவற்றிலும் மோசமான வழியாகப் படுகிறது. பெண்ணுக்கான பக்கங்களை எடுத்துவிட்டால் மீதமிருப்பது ஆண்களை மட்டும் வரையக் கற்றுத்தரும் புத்தகம். பிள்ளைகளின் கதைகளில் பெண்கள் ஒன்று காணாமல் போவார்கள், அல்லது பிள்ளைகள் போனில் பார்த்த ஏதாவதொரு படத்திலிருந்து இன்னும் மோசமாக நகலெடுக்கப்பட்டு வருவார்கள். தடைவிதிகளால் படம் மாறாது என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. பெண்களை உள்ளபடி, உடற்கூறு எதையும் மிகைப்படுத்தாமல் வரைய வேண்டும் என்று அங்குள்ள காமிக்ஸ் பதிப்பாளர்களின் ஒழுங்குவிதி 1954-ஆம் ஆண்டே எழுதிவைத்தது. அந்த விதி நடப்பில் இருந்த காலத்தில்தான் மேலே சொன்ன 1978-ஆம் ஆண்டு நூலும் வந்தது. கடைசிப் பதிப்பாளர்களும் 2011-இல் அதைக் கைவிட்டபோது வருத்தப்பட யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. என்ன வரையக் கூடாது என்று விதி சொல்லிற்று. எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர அதனிடம் எதுவும் இல்லை.

ஜப்பானியக் காமிக்ஸான மாங்காவின் வழியைப் பிள்ளைகளே கேட்கிறார்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள். அதற்குச் சாதகமாக ஒரு வலுவான செய்தி உண்டு: அந்நாட்டில் பெண் ஓவியர்கள் காமிக்ஸின் மையத்திலேயே இருக்கிறார்கள். பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழா 2016-இல் தன் மிகப் பெரிய விருதுக்காக 30 பேரின் பட்டியலை வெளியிட்டு, அதில் ஒரு பெண்கூட இல்லாததால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதே விருது 2019-இல் ஜப்பானியப் பெண் ஓவியர் ருமிகோ தகஹாஷிக்குப் போயிற்று. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்வேன். ஆனால் சந்தையில் கிடைக்கும் மாங்கா பயிற்சி நூல்கள் வேறு சரக்கு. பெரிய கண், கூர்மோவாய், பெண் என்றால் இமைமயிர் என்று ஒரே முகத்துக்கு முடியை மட்டும் மாற்றி மாட்டும் வித்தையைத்தான் அவற்றில் பல கற்றுத்தருகின்றன. எங்கள் பத்து நாளுக்கு அது தோதாகாது.

அடுத்த வழியை என் நண்பர் ஒருவர் மிகுந்த உணர்ச்சியோடு முன்வைத்தார். மேல்நாட்டு அளவுகோல் எதற்கு, நமக்குச் சிற்ப சாத்திரம் இல்லையா, பிள்ளையார்பட்டி இங்கிருந்து எத்தனை கல் தொலைவு என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி 1927-இல் பிறந்தது அந்தப் பிள்ளையார்பட்டியில்தான். ஆகவே அந்த அளவுமுறையையும் மற்றவற்றைப் போலவே உரசிப் பார்த்தேன்.

சிற்ப நூல்களின்படி உருவங்களுக்குத் தாளம் என்பது அளவு. சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். உமை, திருமகள் போன்ற தேவியருக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம். அதற்கும் கீழே அதம தசதாளம், 116 அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் ஸ்கேலின் அங்குலம் அன்று. சிலையின் அளவிலிருந்தே பிரித்தெடுக்கப்படுவது. ஆக, யார் பெரியவர், யார் அடுத்தவர் என்ற வரிசை இங்கே அளவுகோலுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கோயில் கருவறைக்கு அது பொருந்தும். அதன் தர்க்கம் வேறு. பள்ளிக்கூடப் பிள்ளை தன் அண்ணனையும் தங்கையையும் வரைவதற்கு அந்த வரிசையை எடுத்துக்கொடுப்பது, எட்டே முக்கால் தலையைக் கொடுப்பதைவிட எந்த வகையில் மேலானது என்று எனக்கு விளங்கவில்லை. நம்முடையது என்பதற்காக அதைத் தேர்வில் பாஸ் போட முடியாது.

இருந்தாலும் சிற்ப மரபிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அது நண்பர் எதிர்பார்த்த ஒன்றாக இருக்காது. காமிக்ஸ் பெண்களின் முறுக்கிய இடுப்பைக் குறை சொல்லும்போதெல்லாம், நம் சிலைகளில் இல்லாத வளைவா என்று யாராவது கேட்பார்கள். உண்டு. திரிபங்கம் என்றால் தலை, உடல், கால் என மூன்று இடத்தில் வளைந்து நிற்பது. ஆனால் சோழர் செப்புத்திருமேனிகளில் வில் பிடித்த இராமனும் திரிபங்கத்தில்தான் நிற்கிறான். கன்னியாகுமரியில் கடலுக்குள் நிற்கும் வள்ளுவருக்கும் இடுப்பில் ஒரு மெல்லிய வளைவு இருக்கிறது. ஒரு காலில் உடலின் எடை இறங்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு உயரும், எதிர்ப்பக்கத்துத் தோள் சமன் செய்யும். பேருந்து நிறுத்தத்தில் நீண்ட நேரம் நிற்கும் எவருக்கும் வாய்க்கும் வளைவு அது. வளைவைப் பெண்ணுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்து, அதிலிருந்து எடையையும் எடுத்துவிட்ட பிறகு கிடைப்பதுதான் அட்டைப்படத்துப் பெண். முதுகும் தெரிய வேண்டும், மார்பும் தெரிய வேண்டும் என்பதற்காக அவள் முதுகெலும்பு பிழியப்படுகிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில், அவர்களையே எழுந்து நிற்கவைத்து விளக்கிவிடலாம்.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு பாடநூலும் சுவரில் தொங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ரவிவர்மா அச்சுப்படங்களும், கோவில்பட்டி கொண்டையராஜு பாணியில் வந்த சிவகாசி காலண்டர்களும் பார்த்து வளர்ந்த கண்கள் நம்முடையவை. வெளுத்த நிறம், உருண்ட முகம், எந்த வேலையும் செய்யாத கைகள் என்பதே அழகு என்று அந்தக் கண்களுக்குப் பழகிவிட்டது. சென்ற ஆண்டு பிள்ளைகள் வரைந்த அசுரர்களும் திருடர்களும் கறுப்பாக இருந்ததற்கு அமெரிக்க நூலைக் குற்றம் சொல்ல முடியாது.

மீதமிருப்பது, ஆளைப் பார்த்து வரைவது. ஓவியக் கல்லூரிகளில் இதற்கு ஆடையற்ற மாதிரிகளை அமர்த்துவார்கள். நம் வகுப்பில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, தேவையும் இல்லை. வளவின் தூண்களுக்கு நடுவே, உடுத்தியபடியே, தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒருவரைப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வரைய வேண்டும். ஓலைக் கொட்டான் முடையும் ஒருவர், தரையில் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் ஒருவர், கல்லாவில் உட்கார்ந்து கணக்கெழுதும் ஒருவர், சந்தைக்குக் கூடை தூக்கி வந்த ஒருவர். முதலில் ஐந்து நிமிடப் படம், பிறகு இரண்டு நிமிடம், பிறகு முப்பது வினாடி. முப்பது வினாடியில் முகமும் வராது, இடுப்பும் வராது. பாரம் எங்கே இறங்குகிறது என்பது மட்டும்தான் வரும். கொட்டான் முடைகிறவரின் குவிந்த விரல்களையும் கல்லாக்காரரின் தொய்ந்த தோளையும் வரைந்த பிள்ளைக்கு, ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிச் சொன்னாலும் அது நம்பாது.

இங்கே கண்டாங்கிச் சேலைக்கும் ஒரு பங்கு உண்டு. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாமெல்லாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அந்தச் சேலை வரைகிறவருக்கு என்ன சொல்லித்தருகிறது என்று யாரும் பேசுவதில்லை. பழைய ஆச்சிமார் பின்கொசுவம் வைத்து, கணுக்கால் தெரிய ஏற்றிக் கட்டியது நடப்பதற்கும் குனிவதற்கும் தூக்குவதற்கும் தோதாக. தடித்த பருத்தியும் அகலக் கரையும் உடம்போடு ஒட்டுவதில்லை; முழங்கால் மடங்கும் இடத்தில் கரை உடைந்து திரும்பும், அந்த உடைப்பைப் பார்த்தே உள்ளே கால் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பயிற்சி நூல்கள் பெண்ணின் ஆடையைத் தோல்மேல் பூசிய வண்ணம்போல வரையச் சொல்கின்றன. இங்கே துணி ஒரு தனிப்பொருள், அதற்கென்று எடை உண்டு. நாமும் பழைய நாளை அளவுக்கு மீறிக் கொண்டாட வேண்டாம்: ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்தில் வீட்டுக் கணக்கையும் வேளாண்மையையும் கட்டிக் காத்த ஆச்சிமார்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம், அவர்கள் முகப்பில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதுபோல ஒரு படத்தை எந்தச் சுவரிலும் மாட்டியதில்லை. வீட்டு முகட்டில் யானைகள் நீர் சொரிய அமர்ந்திருக்கும் கஜலட்சுமிதான் இருக்கிறாள்.

இந்த வழியின் குறைகளை மறைக்க மாட்டேன். மெதுவாக நகரும். முதல் ஐந்து நாளில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட அழகான படம் ஒன்றும் தேறாது. பறக்கிறவனையும் சுவரில் ஏறுகிறவனையும் எந்த வளவிலும் உட்காரவைத்து வரைய முடியாது, பிள்ளைகள் காமிக்ஸ் கற்க வருவதே அவர்களுக்காகத்தான். உட்கார வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியாவது கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் செலவைவிட அது பல மடங்கு. எங்கள் பொருளாளர் இன்னொன்றும் சொன்னார்: சாகசம் இல்லை என்றால் பையன்கள் மூன்றாம் நாள் நின்றுவிடுவார்கள், அதிலும் நாயகி கதை என்றால் அவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியை ஒப்ப முடியாது. பொருளாளர் தம் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் லயன் காமிக்ஸ் என்ற தமிழ் இதழ் 1984-இல் தொடங்கியபோது அதன் முதல் இதழின் நாயகி மாடஸ்டி. பையன்கள்தாம் வாங்கினார்கள்; அவர்களில் ஒருவர் அவரே.

பையன்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இந்தப் பாடமுறைகள் பெண்ணுருவத்தை மட்டுமே கெடுக்கின்றன என்று குழுவில் பலரும் நினைக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு பையன் தன் அப்பச்சியை நாயகனாக வைத்துக் கதை வரைந்தான். நிஜத்தில் ஒல்லியான, சற்றே கூன் விழுந்த மனிதர். படத்தில் அவருக்கு அலமாரி அகலத்தில் தோள். கதைப்படி அவர் அழ வேண்டிய ஒரு கட்டம் வந்தது. எவ்வளவு முயன்றும் அவனுக்கு அது வரவில்லை. அந்த உடம்புக்கு அழுகிற கழுத்து கிடையாது. கடைசியில் அப்பச்சியைத் திரும்பி நிற்கவைத்து, முதுகை மட்டும் வரைந்து சமாளித்தான்.

ஆகவே என் பரிந்துரை கலப்பானது. முதல் ஐந்து நாள் முழுவதும் ஆளைப் பார்த்து வரைவது. அளவுகோல், தலைக்கணக்கு எதுவும் கிடையாது. ஆறாம் நாள் அமெரிக்க நூலின் கட்டம் பிரிப்பு, தூரக்காட்சி, அசைவுக்கோடு பற்றிய பகுதிகள். அவற்றுக்கு மாற்று இல்லை, பறக்கிறவனும் அன்றைக்கு வந்து சேருவான். ஏழாம் நாள் அதே நூலின் பெண்ணுருவப் பக்கங்களை, ஒன்றையும் மறைக்காமல், பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். அதற்குள் அவர்களுக்கு ஐந்து நாள் கண்பழக்கம் இருக்கும்.

அன்றைய பயிற்சிக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. 2012 டிசம்பரில் இணையத்தில் சில ஓவியர்கள், அட்டைப்படங்களில் பெண் பாத்திரங்கள் நிற்கும் அதே நிலைகளில் ஹாக்ஐ என்ற ஆண் வில்லாளியை நிறுத்தி வரையத் தொடங்கினார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரித்த பிறகுதான் அந்த நிலைகள் எவ்வளவு விந்தையானவை என்று உறைத்தது. 2014-இல் ஸ்பைடர்வுமன் இதழுக்கு, அவள் இடுப்பை உயர்த்திக் குனிந்திருப்பதாக மிலோ மனாரா வரைந்த அட்டை சர்ச்சையானபோது, ஸ்பைடர்மேனையும் அப்படிக் குனிந்த நிலையில் வரைந்திருக்கிறார்களே என்று சிலர் வாதாடினார்கள். அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே மாறுகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். 11 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த அட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நம் பிள்ளைகளுக்கு அய்யனார் கோயில் வீரன் போதும்: மீசையும் அரிவாளுமாக நிற்கும் அவரைப் பயிற்சி நூலின் பெண் நிற்கும் நிலையில் நிறுத்தி வரையட்டும். பூசாரி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது குழுவின் பொறுப்பு.

கடைசி மூன்று நாள் கதை. யார் எத்தனை கட்டத்தில் பேசுகிறார்கள், யார் முகம் தெரியாமல் ஓரத்தில் நிற்கிறார்கள் என்று பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் ரப்பரைத் தொடக் கூடாது. இதை வகுப்பெடுக்க வருகிறவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் நாள் உட்காருவதற்கு ஆள் தேடிப் போனபோது, கோலப்படத்தின் உரிமையாளரான அந்த ஆயாவிடமே கேட்டேன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு மணிக்குக் காப்பி வர வேண்டும், தூணில் சாய்ந்துகொள்ள விட வேண்டும், படத்தில் சேலைக் கரையை ஒழுங்காக வரைய வேண்டும் என்பவைதான் அவர்கள் கேட்டவை. பாதத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வரைந்து பழகட்டும், அசையாமல் இருக்கிறேன் என்றும் சொன்னார்கள்.